கண்மாய்க்கு ஓர் ஐந்தொகை

செட்டிநாட்டு ஊர்களில் கண்மாய்களையும் ஊரணிகளையும் தூர்வாரப் பொருள் வழங்கும் ஊர் அறக்கட்டளையினர், கண்மாய்ப் பாசனதாரர்கள், கிராம சபை உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

மதிப்பிற்குரிய பெரியோர்களே, வணக்கம்.

கோடை வந்துவிட்டால் நம் பகுதிக் கண்மாய்களுக்குள் ஜேசிபி இறங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு, சொந்த ஊர் ஊரணியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று பணம் அனுப்புகிறவர்கள் உங்களில் பலர். அந்தப் பணத்தை வாங்கி, வெயிலில் நின்று வேலை வாங்கி, ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு ஒப்படைக்கிறவர்கள் உங்களில் வேறு பலர். டீசலுக்கு எவ்வளவு, ஓட்டுநர் படி எவ்வளவு, கல்வெட்டு வைக்க எவ்வளவு என்பதெல்லாம் ரசீதோடு இருக்கின்றன. ஆனால் அந்தக் கண்மாய்க்கு முந்தைய ஆண்டில் எவ்வளவு தண்ணீர் வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்த வழியாகப் போனது என்று கேட்டால் எந்த நோட்டிலும் விடை இல்லை. அந்த விடுபட்ட நோட்டைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி அறிவியல் ஆசிரியன். கண்மாய் நீர் பாயும் ஆயக்கட்டில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் என்ற வகையில் எனக்கும் இதில் பங்கு உண்டு.

என் தகப்பனார் பதினாறு வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையின் கடைநிலை உதவியாளாக, பர்மாவுக்குக் கப்பலேறி, 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்களில் ஒருவர். பிறகு கடைசிவரை கணக்குப்பிள்ளையாக இருந்தார். சிட்டை என்னும் அன்றாடக் குறிப்பில் எழுதியது அன்றிரவே குறிப்பேட்டில் ஏற வேண்டும், அங்கிருந்து பேரேட்டில் ஏற வேண்டும், பேரேட்டைக் கூட்டி ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கைப் போட்டால் இரு பக்கமும் ஒத்துவர வேண்டும். காலணா இடித்தாலும் விளக்கை அணைக்க மாட்டார். 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் செட்டியார்களின் கையில் வந்து சேர்ந்திருந்ததற்கு அந்தக் கணக்குப் பழக்கமும் ஒரு காரணம். (நிலத்தை இழந்த பர்மியக் குடியானவருக்கு அந்தக் கணக்கைப் பற்றி வேறு கருத்து இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.) ஐராவதி ஆற்றுப்படுகையின் அரிசி சென்னை மாகாணத் துறைமுகங்களில் வந்து இறங்கியவரை, இங்கே கண்மாய் பொய்த்த ஆண்டுகளில் கப்பல் அரிசி கைகொடுத்தது. 1942-ல் அந்த வழி அடைபட்டது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் நேர்ந்த பஞ்சத்தின் காரணங்களில் அதுவும் ஒன்று. கடல் கடந்த நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் பேரேடு வைத்திருந்த நாம், வீட்டு வாசலில் இருக்கும் கண்மாய்க்கு ஒரு சிட்டைகூட வைக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

நிலம், உணவு, காலநிலை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நெருக்கும் இக்காலத்தில் அறிவியல் என்ன செய்யும் என்று கேட்டால், பலருக்கும் செயற்கைக்கோளும் ஆய்வகமும் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டியவையே. ஆனால் அவற்றின் அடியில் இருப்பது நம் கணக்குப்பிள்ளைகள் செய்த வேலைதான்: ஒரே இடத்தில், ஒரே முறையில், நாள் தவறாமல் அளந்து எழுதி வைப்பது. சார்லஸ் கீலிங் 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அளவு ஏறுகிறது என்பதை உலகம் ஐயமற அறிந்தது அந்த இடைவிடாத ஏட்டினால்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்னும் ஊரிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. அங்கே 1979 முதல் 2003 வரை பதிந்த வெப்பநிலை ஏட்டையும், வயலின் விளைச்சல் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது வறட்பருவ நெல் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவதைக் கண்டார்கள். பகல் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது புதிய செய்தி. பகலில் பயிர் வெயிலைக் கொண்டு சேர்ப்பதில் ஒரு பகுதியை இரவில் மூச்சு விடுவதற்கே செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பாக விதைத்து, மார்கழிப் பனியில் கதிர் பிடிக்கும் நம் நெல்லுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். பொருந்துமா என்று பார்க்க நம்மிடம் இரவு வெப்ப ஏடும் இல்லை, வயல்வாரியான விளைச்சல் ஏடும் இல்லை. “முன்ன மாதிரி மார்கழியில் குளிர் இல்லை” என்று திண்ணையில் பேசிக்கொள்வதோடு நிற்கிறோம்.

மழைக்கு வருகிறேன். சிவகங்கை மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். வறண்ட சீமை என்று பெயரெடுத்த நம் மண்ணுக்கு இது குறைந்த மழை இல்லை. ஆனால் சராசரி என்பது பொல்லாத சொல். 2016-ல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. நமக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியது அங்கே ஒரே நாளில் கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். தாங்கியதை அது விடும்போது மொத்தமாக விடுகிறது. ஆகவே ஆண்டுக்கு எவ்வளவு என்ற எண்ணோடு, எத்தனை நாளில், எவ்வளவு வேகத்தில் என்ற எண்களும் இனி நமக்கு வேண்டும். கண்மாய் நிறைந்தபின் மிகைநீர் வழியும் நம் கலுங்குகளைக் கட்டியவர்கள் அவர்கள் கண்ட வெள்ளத்துக்கு ஏற்ப அகலம் வைத்தார்கள். அந்த அகலம் நாம் காணப்போகும் வெள்ளத்துக்குப் போதுமா என்பதைக் கரை உடைந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது மலிவு.

ஏடு வைப்பது எப்படி என்று கேட்பீர்கள். மழைமானி ஒன்றைக் கூரையும் மரமும் மறைக்காத திறந்த இடத்தில் நட்டு, வானிலைத் துறையினர் செய்வதுபோல ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுத வேண்டும். நம் பெரியவர்கள் “ஒரு உழவு மழை” என்று அளந்தார்கள். அது மண்ணின் ஈரத்தைச் சொல்லும் அருமையான அளவு. அதையும் பக்கத்திலேயே எழுதலாம். மில்லிமீட்டர் எதற்கு என்றால், பெருக்கிப் பார்ப்பதற்கு. ஓர் ஏக்கரில் 10 மில்லிமீட்டர் பெய்தால் அது 40,000 லிட்டருக்குச் சற்று மேல். வரத்துக்கால் எத்தனை ஏக்கரின் நீரை இழுக்கிறது என்று தெரிந்தால் வந்திருக்க வேண்டிய தண்ணீரின் மேல் எல்லை தெரியும். பிறகு, மடையருகே ஓர் அளவுகல்லை நட்டு, மடையின் அடிமட்டத்தைச் சுழியாக வைத்துச் சென்டிமீட்டர் கோடு போட்டால், வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதும் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளம்தான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

செலவுப் பக்கத்தில் நாம் எழுத மறக்கும் பெரிய இனம் வெயில். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 50 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயிலிருந்து ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர் வானத்துக்குப் போகிறது. மடை திறக்கும் நாளைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் பத்து நாள் சண்டை போட்டால், அந்தப் பத்து நாளின் தண்ணீரை இரு தரப்பும் சேர்ந்து சூரியனுக்குக் கொடுத்திருக்கிறோம்.

நான் மூன்று ஆண்டுகளாக எங்கள் ஊர்க் கண்மாய்க்கு இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஏறத்தாழ ஒரே அளவு மழை ஐப்பசித் தொடக்கத்தில் பெய்தபோது அளவுகல்லில் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. கார்த்திகையில் பெய்தபோது முழங்கால் அளவு ஏறியது. காய்ந்த நிலம் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறது, நனைந்த பிறகே வழியவிடுகிறது. மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் எங்கள் நீர்பாய்ச்சியிடம் சொன்னேன். “இதைக் கண்டுபிடிக்க மூணு வருசமா சார்?” என்று கேட்டார். அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு வர அவர் வீட்டில் யாரும் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவரோடு போகும். அவர் சொல்லச் சொல்ல எழுதும் வேலையையும் அறிவியல் என்றே நான் கருதுகிறேன்.

தூர்வாரும் வேலைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், நல்ல மனத்தோடு பெருந்தொகை செலவிட்டு ஒரு கண்மாயை ஆழப்படுத்தினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் நிறைந்தது, படம் எடுத்தார்கள், எல்லோருக்கும் மகிழ்ச்சி. வயலுக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்த நீர் தானாக மடை வழியே பாயாது. இயந்திரம் வைத்துத்தான் இறைக்க வேண்டும். மாடு குடிக்கவும் மீன் வளர்க்கவும் கிணறு ஊறவும் அது உதவலாம். உதவும் என்றால் அதற்காகத் தோண்டுகிறோம் என்று சொல்லித் தோண்டலாம். இன்னொன்று, காலங்காலமாகப் படிந்த களிமண் அடுக்குதான் பல கண்மாய்களில் தண்ணீர் கீழே ஓடிவிடாமல் தாங்குகிறது. சுற்றிலும் சரளையும் செம்புறாங்கல்லுமாக இருக்கும் நம் நிலத்தில் அந்த அடுக்கைக் கிழித்துவிட்டால் பானையின் அடியில் துளை போட்டதற்குச் சமம். கிணறுகளில் நீர் ஏற வேண்டும் என்றால் அந்தத் துளையும் நல்லதே. தேக்கி வைக்க வேண்டும் என்றால் கேடு. எது வேண்டும் என்று முடிவு செய்து, நான்கு இடங்களில் குழி வெட்டி, வண்டல் எத்தனை அடி, களி எத்தனை அடி என்று பார்த்துவிட்டு வண்டியை இறக்குவதற்கு ஒரு நாள் போதும்.

அள்ளிய வண்டலுக்கு மதிப்பு உண்டு. அதை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு வழி செய்திருக்கிறது. கரம்பை (கண்மாய் வண்டல்) அடித்த வயல் ஒரு தண்ணீர் குறைவாகக் கேட்கும் என்பது நம் வழக்கு; களித்துகளும் மட்கும் கூடியதால் மணற்பாங்கான செம்மண்ணின் நீர் தாங்கும் திறன் கூடுகிறது என்பது அதன் விளக்கம். ஆனால் எல்லா வண்டலும் ஒன்றில்லை. ஊர்ச் சாக்கடை வந்து சேரும் ஊரணி மண்ணைச் சோதிக்காமல் நெல்வயலில் கொட்டக் கூடாது.

வயல் மண்ணைப் பற்றி என் சொந்தக் கணக்குப் பிழை ஒன்று. பல ஆண்டுகள் மூட்டை மூட்டையாக டி.ஏ.பி. என்னும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் போட்டேன். செம்புறைப் பாங்கான, புளிப்புத் தன்மையுள்ள நம் மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. அவை போட்ட மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்கு விடுவதில்லை. திருப்பித் தராத கடனாளிக்கே மேலும் மேலும் வட்டிக்குக் கொடுத்த கதைதான். வேதியியல் கற்றுக்கொடுத்த எனக்கே மண்ணைச் சோதிக்கத் தோன்றியது ஓய்வுக்குப் பிறகுதான் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் கார அமிலத் தன்மை, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல் சத்துகள், நுண்ணூட்டங்கள் என 12 அளவுகள் தரப்படுகின்றன. ஆனால் அட்டையின் நேர்மை மாதிரி எடுக்கும் கையில் இருக்கிறது. வரப்போரத்திலும் எருக்குழிப் பக்கத்திலும் எடுக்காமல், வயலில் பல இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் ஒரு சாண் ஆழத்துக்கும் சற்றுக் குறைவாக வெட்டி, பக்கச் சுவரிலிருந்து சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோ ஆக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் அந்தப் பிடிக்குத்தான் அட்டை வரும்.

மரங்களைப் பற்றி நம் ஊர்களில் நடக்கும் சண்டை, அளக்காத இடத்தில் வதந்தி எப்படிக் குடியேறும் என்பதைக் காட்டுகிறது. சீமைக்கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது என்று கைபேசியில் வந்த செய்தியை நம்பாதவர் குறைவு. அதற்கு ஆதாரம் இல்லை. அது வேரை ஆழமாக விட்டு நிலத்தடி நீரை எடுப்பதும், ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே பரவுவதும், கண்மாய் உள்வாயையும் வரத்துக்காலையும் அடைத்துக்கொள்வதும் உண்மை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி ஊர் ஊராக அது வெட்டப்பட்டது. சில மாதங்களிலேயே, இதற்கான அறிவியல் ஆய்வு எங்கே என்ற கேள்வியும் இடைக்காலத் தடையும் வந்தன. வெட்டி விட்டுப்போன கட்டைகள் மறுபடி துளிர்த்ததை நாம் பார்த்தோம். அதன் கரிமூட்டத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் நம் சீமையில் உண்டு. வரத்துக்காலில் வேரோடு எடுப்பது, பயனற்ற தரிசில் அது நிற்கும்போது அதற்கு மாற்றாக என்ன வளர்ப்பது என்பவை தனித்தனிக் கேள்விகள். மழையைத் தடுக்கும் மரம் என்ற ஒரே முழக்கம் இரண்டையும் மறைத்துவிட்டது.

தைல மரம் (யூக்கலிப்டஸ்) பற்றிய குறை இதைவிட உறுதியான காலில் நிற்கிறது. நீலகிரியில் கிளென்மார்கன் என்னும் இடத்தில், ஒன்றையொன்று ஒத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் 1972-ல் தைல மரம் நட்டு, இரண்டின் ஓடைகளையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் சுற்று மரங்கள் நின்ற காலத்தில் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது; வெட்டிய பிறகு துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் கூடியது. ஆனால் நீலகிரியின் மழையும் மண்ணும் வேறு, நம்முடையவை வேறு. தைலக்காட்டில் நீர் தேக்க வெட்டும் அகழிகளால் கண்மாய்க்கு வரத்து நின்றுவிட்டது என்று புதுக்கோட்டைப் பக்கத்திலும் நம் பக்கத்திலும் விவசாயிகள் சொல்வதை மெய்ப்பிக்க, ஒரே மழையைப் பெறும் இரண்டு கண்மாய்களின் ஏடுகளை, ஒன்று காட்டை ஒட்டியது, மற்றது ஒட்டாதது, மனுவோடு இணைத்தால் போதும். ஏடு இல்லாத மனுவுக்குக் கிடைக்கும் பதில் “ஆவன செய்யப்படும்” என்பதுதான்.

அறிவியலால் எல்லாம் தீரும் என்று நான் நினைக்கவில்லை. யாருக்கு முதல் தண்ணீர், கடைமடைக்காரருக்கு எவ்வளவு என்பதை அளவுகல் சொல்லாது. அதை ஊர்தான் பேசி முடிக்க வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு நிலத்தைப் பற்றி 2019-ல் வெளியிட்ட அறிக்கை, பனி மூடாத நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு மனிதரால் சீர்கெட்டிருப்பதாகவும், மனிதர் பயன்படுத்தும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்வதாகவும் கூறியது. அந்த உலக எண்ணில் நம் ஊரின் பங்கு எவ்வளவு என்பதை நாம்தான் எழுத வேண்டும். நெல்வயலில் எப்போதும் தண்ணீர் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் தண்ணீரும் மிஞ்சும், மீத்தேன் வாயுவும் குறையும் என்கிறது ஆய்வு. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, உள்ளே நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் பாய்ச்சுவதுதான் முறை. கண்மாய் நிறைந்த ஆண்டில் யாரும் இதற்குக் காது கொடுக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். வறண்ட ஆண்டில் கேட்பார்கள், அப்போது தொடங்கலாம்.

கட்டுப்பாடு நமக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்துத் திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சக்கூடாது என்று ஊரே தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று அவ்வூரார் சொல்வதை ஒரு மாணவர் இரண்டு பருவம் அளந்து பார்த்தால் நல்ல ஆய்வு ஆகும். ஆய்வாளர்களுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான், 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்ட, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. செட்டிநாட்டில் அரசு வேளாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. அழைத்தால் மாணவர்கள் வருவார்கள். வந்தவர்களுக்குக் காட்ட நம்மிடம் ஓர் ஏடு வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தூர்வாருவதற்கு ஒதுக்கும் தொகையில் மிகச் சிறு பங்கை எடுத்து, வேலை தொடங்குமுன் அளவுகல்லும் மழைமானியும் வையுங்கள்; மடையின் அடிமட்டத்தைக் குறித்து, அதற்குக் கீழே தோண்டுவதென்றால் எதற்காக என்று தீர்மானத்தில் எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருவரும் நீர்பாய்ச்சி ஒருவரும் நாள்தோறும் எழுதட்டும். எழுதுகிறவருக்குப் படி கொடுங்கள், இலவசத் தொண்டு ஆறு மாதம்தான் தாங்கும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ல் இப்போது கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவம் முடிந்து, அறுவடையும் முடிந்து, கண்மாயில் மிச்சம் எவ்வளவு என்று தெரியும் நேரம் அது. அன்று ஒவ்வொரு கண்மாய்க்கும் வரவு, செலவு, இருப்பு என்று ஐந்தொகை வாசிக்கப்பட வேண்டும்; அதைக் கேட்ட பிறகே அவ்வாண்டு எந்த நீர்நிலையில் வேலை என்பது முடிவாக வேண்டும்.

முதலில் முன்வரும் ஊருக்கு அளவுகல் என் செலவு. கோடு போட நானே வருகிறேன். எங்கள் கண்மாயின் மூன்றாண்டு நோட்டையும் கொண்டுவருகிறேன். அதில் இரண்டு இடங்களில் மழை அளவு விடுபட்டிருக்கும். நான் வெளியூர்த் திருமணத்துக்குப் போயிருந்த நாட்கள் அவை. அந்தக் கட்டங்களை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆயக்கட்டுதாரன், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன்,
தேவகோட்டை வட்டம்